அம்மன் உடுத்திய சீலையின் நிறம் பற்றி

இரத்தோட்டை,
12.05.2024

பாசத்துக்குரிய தங்கை பாலாமணிக்கு, அண்ணன் ராசையா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். அங்கே கோத்தகிரியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க நம் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். வேண்டிக்கொள்ள உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ என்னோடு பேசி இன்றைக்கு இருபத்தாறு நாள். நான் கணக்கு வைக்கவில்லை, காலண்டர் வைத்திருக்கிறது. போன் எடுத்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், நீ படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. நீல நிறத்தைக் கண்டாலே இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அதனால் பழையபடி கடுதாசி. மாத்தளை துணிக்கடை பஸீர் நானா செவ்வாய்க்கிழமை திருச்சிக்குச் சரக்கெடுக்கப் போகிறார், அங்கே தபாலில் போட்டுவிடுவதாகச் சொன்னார். உன் சீலையைக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்பதால் இதையும் அவரே கொண்டுபோவது நியாயம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது என்பதே எனக்குப் பாதி நிம்மதி. மாப்பிள்ளைக்கு நெஞ்சு ஆபரேசன் நடந்த அன்று, அவர் உயிரோடு வெளியே வந்தால் நம் தோட்டத்து அம்மனுக்குத் தேரன்று பட்டுச் சீலை சாத்துவதாக நீ நேர்ந்துகொண்டாய். அவரும் நல்லபடியாக வந்துவிட்டார். நீயும் சீலையை வாங்கித் திருச்சிக்கு அனுப்பினாய். அதே சமயம் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உன் மகள் தன் அத்தைக்கென்று ஒரு சீலை வாங்கிக் கடையிலிருந்தே அனுப்பினாள். பஸீர் நானா இரண்டு பொதியின் வெளிக் கடதாசியையும் கிழித்துப் போட்டு, பிளாஸ்டிக் உறையோடு ஒரே பையில் அமுக்கிக் கொண்டுவந்து சேர்த்தார். நான் அந்தப் பையைத் திறக்கவில்லை. பெண்களின் சீலைப் பையில் கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. உன் மதினிதான் வாங்கி உள்ளே கொண்டுபோனாள். தேருக்கு முதல் நாள் குளித்து ஈரத்தலையோடு போய், அம்மனுக்கு உரியதைத் தன் கையாலேயே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, நேரே கலேவெல பஸ் ஏறிவிட்டாள். அங்கே நம் மகள் கிருஷாந்திக்கு அன்றுதான் வலி கண்டிருந்தது. பேரன் பிறந்து இப்போது ஒரு மாதம் ஆகப்போகிறது, மதினி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். உன் மகள் அனுப்பிய சீலையை நீங்களெல்லாம் வரும்போதுதான் கட்டுவேன் என்று உறையைக்கூடப் பிரிக்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

தேர் நன்றாக நடந்தது. மழை தூறியது, ஆனால் பெய்யவில்லை. இருட்டும் நேரத்தில்தான் அம்மன் தேரில் ஏறினாள். சுற்றிலும் நீலமும் ரோசாவுமாக மின்னி மின்னி அணைகிற பல்பு மாலை. கூட்டத்தில் எனக்கு அம்மனின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது, கும்பிட்டுக்கொண்டேன். அன்று இன்னொன்றும் நடந்தது. விபூதி வாங்கப் போனபோது பூசாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க குடும்பத்துல அம்மன அத்தைன்னா கூப்புடுவீங்க?" என்று கேட்டார். பத்து நாள் விரதம், மனுசனுக்குத் தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்து, "அவங்கவங்க விருப்பம் சாமி" என்றேன். அவரும் ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டினார்.

மறுநாள் கோயில் கமிட்டிச் செயலாளர் ஜெயக்காந்தன் படங்களைப் பேஸ்புக்கில் போட்டார். அதற்கும் மறுநாள் காலையில் நான் பாண் துண்டைத் தேத்தண்ணீரில் தொட்டு வாயில் வைக்கும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் உன் குரல் வந்தது. நாலு நிமிசம் பன்னிரண்டு விநாடி. இதுவரைக்கும் எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்லமாட்டேன். "அண்ணே, நான் கோவமாப் பேசல. கேக்குறேன். நான் அம்மனுக்குக் குடுத்தது கத்தரிப்பூ நெறம். படத்துல அம்மன் கட்டியிருக்கிறது நீலம். யாரோ குடுத்த நீலச் சீலை. என் சீலை எங்கண்ணே போச்சு? அவரு மிசினுக்குள்ள கெடந்தப்ப நான் சொன்ன வாக்கு அது. வாக்கு தப்பிப்போனா அது யாரு தலையில விடியும்? இருவத்தேழாந் தேதி அவருக்கு மறுபடி நெஞ்சப் படம் எடுக்கப் போறாங்க. எனக்குத் தூக்கமே வரல." அதற்குப் பிறகு நீ அழுதாய். அழுது முடித்து ஒன்று சொன்னாய்: "வேற யாருக்காவது குடுத்திருந்தா அதச் சொல்லிருங்க, நான் வேற ஒன்னு அனுப்புறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் மணி எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திட்டு வாங்கியிருப்பேன். அம்மன் சீலையைக் கை மாற்றுகிறவன் என்று நினைத்துவிட்டு, அதையும் மன்னிக்கிறேன் என்கிறாயே. நாற்பது வருசம் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்தவன் நான். அரைத்த கொழுந்து பச்சையிலிருந்து செம்புக்கு மாறுகிற அந்த ஒரு நிமிசத்தைக் கண்ணால் பார்த்தே பிடித்தவன். என்னிடமே நிறத்தைப் பற்றிச் சந்தேகமா என்று ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே மதினிக்குப் போன் போட்டு, "தங்கச்சி சீலைய அம்மனுக்குக் குடுத்துட்டதானே?" என்று மட்டும் கேட்டேன். "என் கையால குடுத்தேன்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டேன். விசயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் உனக்குப் போன் போடுவாள், நீ ஒன்று சொல்வாய், அவள் ஒன்று சொல்வாள், பிள்ளைப்பேற்று வீட்டில் நாத்தனார் சண்டை எதற்கு? நடுவில் இரண்டு தடவை கலேவெலைக்குப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டும் வந்தேன். வாயைத் திறக்கவில்லை. சரியான சீலை போயிருக்கிறது, படத்தில் தப்பான நிறம் விழுந்திருக்கிறது, ஆகவே குற்றவாளி கேமரா என்று தீர்ப்பு எழுதிக்கொண்டு மாத்தளைக்குப் பஸ் ஏறினேன்.

படம் பிடித்தவர் நப்லான் என்கிற பையன். பையன் என்றேன், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான் வருவார். ஸ்டூடியோவில் சுவரெல்லாம் சாம்பல் நிறம் அடித்து வைத்திருக்கிறார். நானோ சுண்ணாம்புக்குக் காசில்லாத கடை என்று நினைத்துவிட்டேன். "மத்த நெறம் பட்டா ஸ்க்ரீன்ல பாக்குற நெறம் மாறிரும் அங்கிள்" என்றார். பக்கத்து அறைக்குள் வைத்துப் பேசியதை அப்படியே எழுதினால் உனக்குத் தலைவலி வரும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெயக்காந்தன் போட்டது கேமரா தானாகவே செய்து கொடுத்த படமாம். நப்லானிடம் ரோ என்று ஒன்று தனியாக இருக்கிறதாம். "ரோன்னா கேமராவுக்குள்ள விழுந்த வெளிச்சம், அப்பிடியே. யாரும் இன்னும் கை வைக்கல. மத்தது கேமரா தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் கொறச்சு அனுப்புறது" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ரோ என்பது கூடையில் வந்த பச்சைக் கொழுந்து, மற்றது பெட்டியில் அடைத்த தேயிலை. பெட்டியைப் பார்த்துத் தோட்டத்தைக் குறை சொல்லலாமா? "கொழுந்தக் காட்டுங்க தம்பி, நான் பாக்குறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கணினியைத் திறந்தார்.

இன்னொரு நல்ல செய்தியும் சொன்னார். கத்தரிப்பூ நிறம் கேமராக்களுக்கு எப்போதுமே தகராறாம். அதிலும் இந்த எல்.ஈ.டி. வெளிச்சத்தில் நீலமாகச் சாய்ந்துவிடுமாம். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோசத்தில் அவருக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். ரோவைத் திறந்தால் அதிலும் நீலம்தான். "இன்னும் வைட் பேலன்ஸ் வைக்கல அங்கிள், பொறுங்க. இந்தப் படத்துல வெள்ளைன்னு உறுதியா தெரிஞ்ச எதையாவது காட்டுங்க. இதுதான் வெள்ளைன்னு கம்பியூட்டருக்குச் சொன்னா, மத்த நெறமெல்லாம் அது தானா நேராக்கும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை, அம்மன் பக்கத்தில் நின்ற பூசாரியின் வேட்டியைக் காட்டினேன். பூசாரி வேட்டியை விட வெள்ளை இந்த ஊரில் எது? நப்லான் மவுஸை அதன் மேல் வைத்து அழுத்தினார். அவ்வளவுதான், அம்மனுக்கு மஞ்சள்காமாலை வந்தது போல ஆகிவிட்டது. தேர், ஜனம், மழை, எல்லாம் மஞ்சள். சீலை ஏதோ பாசி பிடித்த நிறத்துக்குப் போனது. நப்லான் தாடியைத் தடவிக்கொண்டு, "அங்கிள், இவரு வேட்டிக்கு நீலம் போடுவாரா?" என்று கேட்டார். போடாமல்? ஒரு வாளி தண்ணீருக்கு நாலு சொட்டுப் போட வேண்டிய இடத்தில் நம் பூசாரியின் சம்சாரம் நாற்பது சொட்டுப் போடுவாள். நாம் வெள்ளை வெளேரென்று சொல்வதெல்லாம் உண்மையில் இளநீலமாம் மணி. அறுபத்தெட்டு வயதில் இதைத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வழி, நிற அட்டை. இருபத்து நாலு சதுரம், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம், கடைசி வரிசையில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரைக்கும் சாம்பல். வெளிநாட்டிலிருந்து தருவித்ததாம், வெயில் படாமல் உறைக்குள் வைத்திருக்கிறார், தன் பிள்ளைகளைக்கூடத் தொட விடுவதில்லையாம். அதைத் தேரன்று எரிந்த அதே பல்பு வெளிச்சத்தில் அம்மன் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்தால், அந்த வெளிச்சம் எந்த நிறத்தை எப்படிக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாமாம். சீலையையே வெளியே எடுத்துப் பார்க்கலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். அம்மன் உடுத்தியது பெட்டிக்குள் போனால் வெசாக் பௌர்ணமிப் போயாவுக்கு ஏலம் விடும்வரை வெளியே வராது, அது கோயில் சட்டம் என்றார் ஜெயக்காந்தன். ஆகவே வெள்ளிக்கிழமை நப்லானை மோட்டார் சைக்கிளில் வரவழைத்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் நின்று கேமராவைச் சரிபார்த்தார். நான் அட்டையைப் பூசாரியிடம் நீட்டி, "சாமி, இத அம்மன் பக்கத்துல கொஞ்சம் புடிங்க" என்றேன். பூசாரி வாங்கினார். புதுப்பொருள். சன்னதிக்குள் புதுப்பொருள் வந்தால் அவர் கை என்ன செய்யும்? சாவி, சைக்கிள், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றுக்கும் செய்வதைத்தான் செய்தது. நான் "சாமி, சாமி" என்று கத்துவதற்குள் நடுச் சாம்பல் சதுரத்தில் வட்டமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம், நாலு மூலையிலும் ஒவ்வொரு பொட்டு. கற்பூரமும் காட்டிவிட்டு, "எந்தக் குறையும் வராது, கொண்டு போங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

நப்லான் அட்டையை வாங்கி, கைலேஞ்சியை நனைத்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார். சந்தனம் இன்னும் பரவியது. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது. "நான் வாங்கித் தாறேன் தம்பி" என்றேன். "பரவால்ல அங்கிள், துஆ செஞ்சுதானே தந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், பூசாரியின் நெற்றியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பூசாரிக்குக் கூச்சமாகப் போய் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அங்கிள், இந்தச் சாம்பல் எதுல செய்றது?" என்று கேட்டார். பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுப்பது, வேறு எதுவும் கலக்கமாட்டார்கள் என்றேன். "மணம், சாயம், நீலம்?" "திருநீத்துல யாரு தம்பி நீலம் போடுவா?" என்றேன். "தேர் அண்டைக்கும் இவரு இப்பிடித்தானே பூசியிருந்தாரு?" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது மணி. இருபத்து நாலு சதுரம் செய்யாததை மூன்று கோடு செய்யும் என்று யார் கண்டது? அதைக் கண்டுபிடித்ததும் ஐந்து வேளை தொழுகிற பிள்ளை.

அன்று பின்னேரமே ஸ்டூடியோவுக்குப் போனோம். தேரன்று எடுத்த படத்தில் பூசாரியின் நெற்றியைப் பெரிதாக்கி, நடுக் கோட்டின் மேல் வைத்து அழுத்தினார். யாரோ யன்னலைத் திறந்துவிட்டது போல இருந்தது. ஃபாக்டரியில் நாங்கள் தேயிலையைப் பல்பு வெளிச்சத்தில் பார்த்து முடிவு சொல்வதில்லை, வடக்கு யன்னலுக்குக் கொண்டுபோய்த்தான் பார்ப்போம். அந்த வெளிச்சம் படத்துக்குள் வந்தது. அம்மன் முகத்தில் மஞ்சள் மஞ்சளாக இருந்தது. வேப்பிலை பச்சை. செவ்வந்தி மாலை செவ்வந்தியாகவே இருந்தது. பூசாரியின் வேட்டி இளநீலம், அதுவும் உண்மை. ஜெயக்காந்தனின் சட்டை தவிட்டு நிறம், போனில் கேட்டேன், தவிட்டு நிறம்தான் என்றார், எதற்குக் கேட்கிறீர்கள் என்றும் கேட்டார். எல்லாம் நேராக வந்துவிட்டது. சீலை மட்டும் நீலம். சாதாரண நீலம் இல்லை, மயில் கழுத்து நீலம், அகலமான தங்கக் கரையோடு, சும்மா தகதகவென்று.

"எல்லாம் சரி தம்பி, சீலை மட்டும் தப்பு" என்றேன். நப்லான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், கத்தரிப்பூ நெறம் கொஞ்சம் நீலமாச் சாயும். ஆனா இப்பிடி மயில் கழுத்தாப் போகாது. மத்த எல்லாம் சரியா வந்து ஒன்னு மட்டும் இவ்வளவு தப்பா வர ஏலாது. ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" அது குடும்ப விசயம், அதெல்லாம் கேட்டாகிவிட்டது, நீங்கள் கேமராவைப் பாருங்கள் என்று கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டேன். பாவம் அவர். நான் சொல்லச் சொல்லத் திரையில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு கோட்டை இப்படியும் அப்படியும் இழுத்தார். சீலை கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது, ஆனால் அம்மனின் முகம் யாரோ அறைந்தது போலச் சிவந்துவிட்டது, வேப்பிலை காய்ந்து கருகியது. முகத்தைப் பழையபடி கொண்டுவந்தால் சீலை நீலத்துக்குப் போகிறது. உன் ஒருத்தியின் சொல்லைக் காப்பாற்ற நான் ஊரையே பொய்யாக்க வேண்டியிருந்தது.

கடைசியில் நப்லானே, அரை மனதாக, ஒரு வழி சொன்னார். சீலையை மட்டும் தனியாகக் கோடு கட்டிப் பிரித்து, அதற்கு மட்டும் கத்தரிப்பூ நிறம் ஏற்றலாமாம். "ரெண்டு நிமிசம் அங்கிள். யாருக்கும் தெரியாது. ஆனா அது நெறம் திருத்துறது இல்ல, சாயம் பூசுறது." செய்தும் காட்டினார். அடடா, என்ன அழகு! நீ பார்த்தால் அன்றைக்கே தூங்கியிருப்பாய். அச்சடித்து உனக்கு அனுப்பியிருந்தால் இருபத்தாறு நாளும் அதோடு முடிந்திருக்கும். நான் அந்தப் படத்தைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை தோட்டத்துத் துரை ஒருவர், மட்டமான தேயிலைப் பெட்டியின் மேல்வாயில் நல்ல தேயிலையை ஒரு விரற்கடை தூவி வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன், மூன்று வருசம் சம்பள உயர்வு வரவில்லை. அன்று முகம் தெரியாத வெள்ளைக்காரனுக்குச் செய்ய மறுத்ததை, கூடப் பிறந்தவளுக்குச் செய்யலாமா? அழித்துவிடுங்கள் தம்பி என்றேன். அவர் உடனே அழித்தார். அவருக்கும் சந்தோசம்தான் என்று நினைக்கிறேன், பிளேன்டீக்கு இந்தமுறை அவர் காசு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எனக்கு ஒரே யோசனை. வலது கண்ணில் ஆபரேசன் செய்து நாலு மாதம், இடது கண்ணில் இன்னும் பூ இருக்கிறது. வலது கண்ணால் பார்த்தால் சுவர் வெள்ளை, இடது கண்ணால் பார்த்தால் தேத்தண்ணீர் சிந்தியது போல இருக்கிறது. போனில் பார்த்தால் கிருஷாந்தி கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஏதோ மாற்றி வைத்ததில் எல்லாமே மஞ்சள். உன் போனில் அது எப்படித் தெரிகிறதோ. இத்தனைக்கும் நடுவில் உண்மையான நிறம் எங்கே இருக்கிறது? ஒரு நிறத்தை நேராக்க வேண்டுமென்றால், சந்தேகமில்லாத ஒன்றை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த வித்தையின் சாரம். அது வேட்டி என்று நினைத்தால் எல்லாம் கெட்டுப்போகிறது. திருநீறு என்று நினைத்தேன், அதுவும் கைவிட்டுவிட்டது. அப்படியென்றால் எனக்கு மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. நீ கத்தரிப்பூ நிறம் என்று சொன்னால் அது கத்தரிப்பூ நிறம். உன் மதினி கொடுத்தேன் என்றால் கொடுத்தாள். இந்த இரண்டையும் நான் சந்தேகப்படமாட்டேன். ஆகவே படம் பொய். திருநீறு வைத்து நேராக்கிய அந்த நீலப் படத்தையே இதோடு வைத்திருக்கிறேன், சாயம் பூசாமல். கண்ணை நம்பாதே, கேமராவை நம்பாதே, என்னை நம்பு. உன் சீலையைத்தான் அம்மன் உடுத்தினாள். உன் வாக்கு தப்பவில்லை. மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அம்மன் சீலையைத் தூக்கி யாருக்காவது கொடுக்கிறவன் உன் அண்ணன் இல்லை என்பதை மட்டும் தயவுசெய்து மனதில் வை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உப்பைக் குறைக்கச் சொல். உன் மகளுக்கு மாமாவின் முத்தங்கள், அவள் கைப்பட்டதெல்லாம் பெருகட்டும். உங்கள் வீட்டில் விளக்கு அணையாமலும் அடுப்பு ஆறாமலும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமே இல்லாத, ஆனால் கொஞ்சம் மனம் நொந்த அண்ணன்,
ராசையா

பி.கு. 13.05.2024, திங்கள் பின்னேரம். மணி, மேலே உள்ளது எல்லாம் தப்பு.

உன் மதினி பேரனுக்குத் துணி எடுக்க இன்று மத்தியானம் வந்தாள். கடிதம் மேசையில் கிடந்தது. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் பாதி படித்துவிட்டாள். "ஏங்க, நீலச் சீலையத்தானே நான் குடுத்தேன்?" என்றாள், வெகு சாதாரணமாக. பையில் இரண்டு சீலை இருந்ததாம். ஒன்று அகலக் கரை போட்ட மயில் கழுத்துப் பட்டு, மற்றது கத்தரிப்பூ நிறத்தில் சின்னக் கரை. "அம்மனுக்குன்னு அனுப்புனா ஒசந்ததத்தானே அனுப்பியிருப்பா? எனக்குப் போயி அவ்வளவு நல்லத யாரு அனுப்புவா? நேத்து வேலைக்குச் சேந்த புள்ள முதச் சம்பளத்துல இப்பிடி ஒரு பட்ட எனக்கு எடுத்திருக்கும்னு நான் கனவா கண்டேன்?" என்று கேட்டவள், கேட்டு முடித்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சாமிக்குப் போகிற சீலையை மடிப்புக் கலைக்கக் கூடாது என்று அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. தனக்கு வந்ததை நீங்கள் வரும்வரை பிரிக்கமாட்டேன் என்று இதையும் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது அலுமாரியைத் திறந்து, உறையைக் கிழித்து, முதல் மடிப்பைத் தூக்கினோம். உள்ளே ஊசி குத்திய துண்டுச் சீட்டு, மூலையில் மஞ்சள் தடவி, உன் கோழிக் கிறுக்கல்: "அம்மனுக்கு."

அப்படியென்றால் அந்த நீலச் சீலைக்குள்ளும் ஒரு சீட்டு இருந்திருக்கும். பூசாரிக்குப் போன் போட்டேன். இருந்ததாம், "அத்தைக்கு" என்று அழகான எழுத்தில். எங்கள் குடும்ப வழக்கம் என்று நான் ஒத்துக்கொண்டதால், அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் நம் பேரில் அர்ச்சனை செய்யும்போது அம்மனை அத்தை என்றே கூப்பிடுகிறாராம். திருநீறு பொய் சொல்லவில்லை. கேமராவும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நப்லான் கேட்ட ஒரு வார்த்தையை நான் இவளிடம் கேட்டிருந்தால் ஒரு பஸ் டிக்கெட்டும் ஓர் அட்டையும் மிஞ்சியிருக்கும். அவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அண்டைக்கே தெரியும் அங்கிள்" என்றார், அவ்வளவுதான்.

உன் கத்தரிப்பூச் சீலை வருகிற வெள்ளிக்கிழமை, பதினேழாம் தேதி, காலை வெளிச்சத்தில் அம்மனுக்குச் சாத்தப்படும். மாப்பிள்ளைக்கு நெஞ்சுப் படம் எடுக்கப் பத்து நாள் இருக்கிறது, பயப்படாதே. நப்லான் வருகிறார், அட்டையைப் பூசாரியின் கைக்கு எட்டாத தூரத்தில் நானே பிடித்துக்கொள்வேன். வெசாக்குக்கு அந்த நீலச் சீலை ஏலத்துக்கு வரும்போது அதை மதினிக்கு எடுத்துக் கொடுக்காமல் நான் வீடு திரும்பமாட்டேன். அவள் வேண்டாம் என்கிறாள். "அம்மன் கட்டிக்கிட்டதுக்கு அப்புறம் அது எனக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தப் புள்ளகிட்ட மொதல்ல நான் பேசணும்" என்கிறாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, என் போனை எடுத்துக்கொண்டு இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கடிதம் போய்ச் சேரும்வரை பொறுக்கமாட்டாளாம். மணி அடிக்கிறது.

போனை எடு, மணி.